ஓடைத் தெருவில் கண்டதும் கேட்டதும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். வேலையில் சேர்ந்து இருவருக்கும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர் வரைபடத்தை இப்போது செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுகிறார்களாம். "ஆனா ட்ரெயினிங்ல, நேர்ல போய் ஊரைப் பாக்கறது எப்படின்னு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க மேடம். நடந்தே இந்த ஊரைப் போட்டவங்க நீங்கதான்னு சொன்னாங்க. வந்து பேசணும்" என்றார்கள். காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூட்டு வலி என்று காரணம் சொன்னேன். மூட்டு வலி உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. அந்தக் காரணத்தை ஒரு வகுப்பில் நின்று சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் தனலட்சுமி. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு வேலூரில் படம் வரையும் பயிற்சி முடித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் ட்ரேசராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் அளந்து கொண்டுவரும் படத்தின் மேல் ட்ரேசிங் துணியைப் பரப்பி மையில் இழுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடங்களில் எத்தனையோ ஊர்களின் தெருக்களை இழுத்தேன். அதில் ஒரு தெருவில்கூட நான் நடந்ததில்லை. நடக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கோடு அறுந்துவிடக் கூடாது, மை சிந்தக் கூடாது, அவ்வளவுதான்.

1989-ல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரானது. புது மாவட்டத் தலைநகருக்கு ஒரு நகர வரைபடம் வேண்டும் என்று ஒரு சின்ன அலுவலகம் போட்டார்கள். என்னையும் அங்கே மாற்றினார்கள். மாடியில் இரண்டு அறை, மூன்று மேஜை. எனக்கு மேலதிகாரியாக வந்தவர் முரளிதரன். என்னைவிடப் பத்து வயது இளையவர், டெல்லியில் படித்துவிட்டு நேராக அதிகாரியாக வந்தவர். கடைநிலை ஊழியரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். தயிர்சாதத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார்.

சேர்ந்த மூன்றாம் நாள், "தனலட்சுமி, கிளம்புங்க. வெளிய போகலாம்" என்றார்.

"நான் ட்ரேசர் சார். ஃபீல்டு வேலை எனக்குத் தெரியாது."

"எனக்கு இங்க வேற ஆள் இல்லைங்க. உங்களுக்குக் கண்ணு இருக்கில்ல?"

தேரடித் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். டேப்பையும் பலகையையும் எடுத்த என்னைத் தடுத்தார். பத்து நிமிடம் சும்மா நிற்கச் சொன்னார். நடுத்தெருவில் ஒரு பெண்பிள்ளை சும்மா நிற்பது எவ்வளவு கூச்சம் என்பது அவருக்குப் புரிந்திருக்காது. நின்றேன். பிறகு என்ன பார்த்தேன் என்று கேட்டார். இத்தனை கடை, இத்தனை வீடு, இரண்டு மாடிக் கட்டடங்கள் என்று ஒப்பித்தேன்.

"அதெல்லாம் எண்ணிக்கை. தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

எனக்குத் தெரியவில்லை.

"அந்த வீட்டுக்கு நாலு படி, எதிர்வீட்டுக்கு ஒரு படி. ஏன்?"

அதுவும் தெரியவில்லை. மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தினார். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. ஒரு வாரத்தில் எனக்குத் தெரு கண்ணில் படத் தொடங்கியது. மூன்று மணிக்கு நிழல் எதிர்ப்பக்கம் போனதும் பூ விற்கும் பெண்கள் கூடையோடு அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தார்கள். தெருவை மேடாக்கி மேடாக்கி ரோடு போட்டதில் பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. பௌர்ணமியன்று அதே தெருவுக்குப் போனால் அது வேறு ஊர். கடைகள் பத்தடி முன்னால் வந்திருக்கும், வீடுகளில் பாதி சத்திரமாகியிருக்கும். பன்னிரண்டு வருடமாகக் குருடியாக இருந்தோமே என்று நினைத்தேன். அந்த ஒரு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஃபீல்டு புக் எழுதுவதற்கு முரளி சார் ஒரு முறை வைத்திருந்தார். இடது பக்கத்தில் கண்ணால் கண்டது மட்டும். வலது பக்கத்தில் காதால் கேட்டது மட்டும், சொன்னவர் பேரோடு, அவர் சொன்ன வார்த்தையிலேயே. ஊகம் எந்தப் பக்கத்திலும் கூடாது. சாயந்திரம் நான்கரைக்குப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் படிப்பார். சந்தேகமான இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில், 'பார்த்தீர்களா, கேட்டீர்களா?' என்று எழுதுவார். 'சுமார்' என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் கீழே சிவப்பில் ஒரு டிக், தேதி, கையெழுத்து.

ஒரு வீட்டில் கிணற்றின் மேல் ராட்டினமும் கயிறும் இருந்ததைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு, 'கிணறு, உபயோகத்தில் உள்ளது' என்று எழுதினேன். வட்டம் போட்டார். "எட்டிப் பாத்தீங்களா?" என்றார். மறுநாள் போய் எட்டிப் பார்த்தேன். பாதிவரை தேங்காய் மட்டை. பல வருடமாகத் தண்ணீர் இல்லையாம். அதற்குப் பிறகு எட்டிப் பார்க்காமல் நான் ஒன்றையும் எழுதியதில்லை.

ஆறு மாதத்தில், என்னால் முடிவது அவரால் முடியாது என்பது இருவருக்குமே தெரிந்துவிட்டது. அவரை வாசலோடு நிறுத்துவார்கள். என்னைப் பெண்கள் உள்ளே கூப்பிடுவார்கள். அடுப்படி, கொல்லை, குளியலறைத் தண்ணீர் போகும் வழி, பின்கட்டில் பிள்ளைகள் பாகம் பிரித்து எழுப்பிய சுவர், எல்லாம் எனக்குத் திறந்தது. "நீங்க இல்லேன்னா இந்த மேப் வெறும் முகப்புதாங்க" என்றார் ஒருநாள். அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இப்படித்தான் ஓடைத் தெருவுக்குப் போனேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு அது. மலைமேல் பெய்யும் மழை ஒரு ஓடையாக இறங்கி, அந்த வீடுகளுக்குப் பின்னால் ஓடி, கீழே ஏரிக்குப் போகும். தெருவின் ஒரு வரிசையில் முப்பத்தெட்டு வீடுகள். தகர வேலை செய்பவர்கள், மெத்தை தைப்பவர்கள், டீக்கடைக்காரர்கள். எங்கள் வரைபடத்தில் அது பதினான்காம் ஷீட். ஓடை தெருவுக்கு வந்து சேருவதற்கு முன்னால் இருந்த மேல்பகுதி பதின்மூன்றாம் ஷீட். அங்கே அப்போது வீடே கிடையாது. வெறும் முள்காடும் ஓடையும்தான். ஓடையின் அகலத்தை அளக்க முரளி சார் பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனை என் கையில். இருபத்திரண்டு அடி. இடது பக்கத்தில் எழுதினேன். அன்றே டிக் போட்டார்.

ஓடைத் தெருவில் ஐந்தாவது வீடு ஜைத்தூன்பீ அக்காவுடையது. அவர் கணவர் இலவம்பஞ்சு அடித்து மெத்தை தைப்பவர். முன்னறை முழுக்கப் பஞ்சு மூட்டை. "உள்ள வாம்மா, ஆம்பளைங்கதான் வாசல்ல நிக்கணும், உனக்கு இன்னா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்கட்டில் ஒரு அறையும் சமையலறையும். சமையலறைச் சுவரில் சுண்ணாம்பால் ஏழெட்டுக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இது என்னக்கா?"

"ஒவ்வொரு வருஷமும் ஓடைத்தண்ணி ஏறுனது. பெரிய மழையில இந்தக் கோடு வரைக்கும் வந்துச்சு. புள்ளைங்களத் தூக்கிப் பரண்ல போட்டோம்."

"இந்தப் பின்கட்டு எப்பக் கட்டினது?"

என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"எழுதிக்குவியா?"

"எழுதணும்க்கா. நிஜத்தை எழுதினாத்தான் ஓடைக்கு ரெண்டு பக்கமும் சுவர் கட்டச் சொல்லி நாங்க பிளான்ல போட முடியும்."

இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். முரளி சாரும் அப்படித்தான் நம்பினார்.

"முன்னாடி ரூம்பு எம் மாமனார் காலத்துது, அதுக்குப் பட்டா இருக்குது. பின்கட்டு நாங்க இழுத்ததுதான். மவனுக்குக் கல்யாணம் ஆச்சு, எங்க போறது? ரெண்டு கஜம் ஓடையிலதான் நிக்குது. உங்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது?"

வலது பக்கத்தில், அவர் பேரைப் போட்டு, அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். முப்பத்தெட்டு வீட்டிலும் எழுதினேன். ஜைத்தூன்பீ அக்காவே எனக்கு முன்னால் போய், "நம்ம பொண்ணுதான், சொல்லு, சொவரு கட்டப் போறாங்களாம்" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்தார். முரளி சார் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு வட்டம்கூடப் போடவில்லை. ஃபீல்டு புக்கிலிருந்து ஷீட்டும், ஷீட்டோடு சேர்த்துத் தட்டச்சு செய்த குறிப்பும் தயாராகி ரெக்கார்டு அறைக்குப் போயின.

இரண்டு வருடத்தில் முரளி சாருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. நாங்கள் போட்ட பிளான் மேலே போனது. திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது, மறுபடி போனது. சுவர் வரவில்லை. ஓடைத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் ஜைத்தூன்பீ அக்கா, "இன்னா தனம், சொவரு?" என்பார். "மேல இருக்குக்கா" என்பேன். சில வருடங்களில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். டீ மட்டும் கொடுப்பார்.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் லட்சக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். ஆசிரமத்துப் பக்கம் வாடகை ஏறியது, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை கட்டினார்கள். எங்கள் பதின்மூன்றாம் ஷீட்டின் முள்காட்டில் ஒரு கல்யாண மண்டபமும் மூன்று மாடி லாட்ஜும் எழுந்தன. யாருடையது என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஓடையைக் காணோம். மண்ணைக் கொட்டி மூடி, அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்திருந்தார்கள். குனிந்து டேப்பை வைத்து அளந்தேன். மூன்றடி. இருபத்திரண்டு அடியில் போன தண்ணீர் மூன்றடியில் போக வேண்டும். அலுவலகத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை, புது அதிகாரி கூப்பிட்டு, "உங்க வேலை வரையறதும்மா" என்றார். நான்காவது தடவை எழுதவில்லை.

2003-ஐ ஒட்டி ஒரு ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வந்து செங்கம் ரோட்டில் இடுப்பளவு நின்றது. பஸ் நின்றது, கடைகளில் சரக்கு போனது. ஊர் கொதித்தது. ஓடை ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற உத்தரவு வந்தது. எங்கள் அலுவலகத்தில் பழைய ரெக்கார்டைத் தேடினார்கள். பதினான்காம் ஷீட் இருந்தது. குறிப்போடு, பத்திரமாக, நான் கட்டிய நாடாவோடு இருந்தது. பதின்மூன்றாம் ஷீட் இல்லை. பன்னிரண்டு இருக்கிறது, பதினான்கு இருக்கிறது, நடுவில் இல்லை. கரையான் என்றார்கள். கரையான் ஒரு ஷீட்டை மட்டும் முழுசாகத் தின்னாது. எல்லோருக்கும் அது தெரியும்.

பதினான்காம் ஷீட்டை நேரில் பார்த்து வரைந்தது நான்தான் என்று ஒரு சான்று வேண்டும் என்றார்கள். அதை மேற்பார்வையிடச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் வருகிறார் என்றார்கள். வந்தவர் முரளி சார்.

தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எப்படி இருக்கீங்க தனலட்சுமி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ட்ரேசிங் முடிந்ததும் ஃபீல்டு புத்தகங்களை யாரும் கேட்பதில்லை, என் வீட்டு அலமாரியில்தான் இருந்தன. பதின்மூன்றாம் ஷீட்டின் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், மேல ஓடை திறந்துதான் இருந்துச்சு. இருபத்திரண்டு அடி. நீங்களே டேப்பப் பிடிச்சீங்க. இதோ உங்க டிக்."

புத்தகத்தை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு மூடி என் பக்கம் தள்ளினார்.

"இது ரஃப் நோட்டுங்க. ரெக்கார்டு ரூமுக்கு வராதது ரெக்கார்டு இல்ல."

"நீங்க பாத்தீங்க சார்."

"நான் பாத்தது இப்ப ஃபைல்ல இல்லீங்களே."

"அப்ப அந்த முப்பத்தெட்டு வீட்ட மட்டும் இடிக்கறது நியாயமா?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் குரல் மாறவே இல்லை.

"உங்களப் பொய் சொல்லச் சொல்லலியே. பதினாலாம் ஷீட்ல இருக்கறது நிஜம்தானே?"

"நிஜம்தான் சார்."

"நீங்க பாத்தது, கேட்டதுதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் கையெழுத்துப் போடறதுல என்னங்க கஷ்டம்?"

அவர் பயந்திருந்தாரா, வெட்கப்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊகம் எழுதக் கூடாது என்று கற்றுக்கொண்டவள் நான். எனக்கு இன்னும் ஐந்து வருட சர்வீஸ் இருந்தது. மறுத்தால் மெமோ வரும், பென்ஷன் வரைக்கும் இழுக்கும் என்பது தெரியும். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இவையெல்லாம் அந்த அரை நிமிடத்தில் மனதில் ஓடின. கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட கையெழுத்துக்கு மேலே ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஓடைத் தெருக்காரர்கள் கையிலாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இடிக்கும் அன்று காலை, எல்லைகளைக் காட்ட வேண்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். இரண்டு ஜேசிபி, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள். தெருவில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சு மூட்டைகள் அவிழ்ந்து, பஞ்சு தெரு முழுக்க வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது. ஜைத்தூன்பீ அக்கா வாசலில் நின்றிருந்தார். ஜீப்புக்குப் பின்னால் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை.

"பட்டா இருக்குது சார். எங்க மாமனார் பேருல பட்டா இருக்குது. ஓடையில கட்டுனோம்னு யாரு சொன்னது?"

வருவாய்த்துறை அதிகாரி கையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். அவருக்குக் கோபம்கூட இல்லை. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"உங்க பேரு ஜைத்தூன்பீதானே? நீங்களேதான் சொல்லியிருக்கீங்கம்மா. 'பின்கட்டு நாங்க இழுத்ததுதான். ரெண்டு கஜம் ஓடையிலதான் நிக்குது. உங்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது.' இது நீங்க சொன்னதா, இல்லையா?"

அவர் சொன்ன மாதிரியே நான் எழுதிய வரிகள். தன் பேச்சைத் தானே கேட்டதும் அக்காவின் முகம் ஒரு நொடி குழம்பியது. பிறகு கூட்டத்தில் தேடினார். ஜீப்புக்குப் பின்னால் இருந்த என்னைக் கண்டுகொண்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரோ எழுதிக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா. நான் சொன்னதுதான்" என்றார்.

பின்கட்டு விழுந்தபோது முன்னறையின் சுவரும் சேர்ந்து சாய்ந்தது. பட்டா இருந்த அறையும் போயிற்று. மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு வீடும் முடிந்துவிட்டது. அடுத்த மழைக்குச் செங்கம் ரோட்டில் மறுபடியும் தண்ணீர் நின்றது. குழாய் அப்படியே இருந்தது. மண்டபத்தில் அந்த வாரம் கல்யாணம்.

வேலையில் மிச்சமிருந்த வருடங்களை மேஜையிலேயே ஓட்டினேன். ஃபீல்டுக்குப் போகச் சொன்னால் மூட்டு வலி என்பேன். தெருவில் நடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன். எந்த வீட்டுப் படியையும் எண்ணுவதில்லை. ஆனால் ஒரு தடவை வந்த பார்வை போகவில்லை. புதிதாக எழும் ஒவ்வொரு சுவரும் எதை அடைக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து யாருக்கு என்ன பயன் என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பெண்கள் இருவரும் வகுப்பில் கேட்டால் இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தடவை ஜைத்தூன்பீ அக்காவைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே, பஸ்ஸில் அரை மணி நேரம், அங்கிருந்து நடை. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மெத்தை தைக்க அங்கே யாரும் வருவதில்லை. கணவர் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். கேட்காமல் தண்ணீரைக் குடித்தேன்.

நான் உட்கார்ந்திருந்தபோதே, கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பெண் படிவக் கட்டோடு வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். அரசு கணக்கெடுப்பு என்றாள். உண்மையைச் சொன்னால்தான் வசதிகள் வரும் என்றாள். அக்கா அவளை உள்ளே கூப்பிடவில்லை. நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"தெரியல."

"வீட்டுல எத்தனை பேரு?"

"தெரியல."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"தெரியலம்மா."

அந்தப் பெண் உதவி கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு கட்டத்திலும் 'தெரியாது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.